ஆடிக் காற்றில் நெடுந்தூர சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம் பெரிய விஷயமில்லை. நிலம் தட்டை. வைகாசிக் கடைசி முதல் புரட்டாசி வரை அவர்களை வாட்டுவது காற்றுதான். செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்குகளில் புகுந்து, நெருக்குண்டு, வேகம் எடுத்து இந்தப் பக்கம் பாய்கிறது. முப்பந்தல், பணகுடி, கயத்தாறு, சுரண்டை என்று காற்றாலைகள் வரிசையாக நிற்பது இதனால்தான்.

இந்தச் சாலைகளில் புதியவர்களை அழைத்துக்கொண்டு போவது என் வழக்கம். நல்ல கால் பலம் உள்ள பையன்கள் வள்ளியூரில் பஸ் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ஹைபிரிட் சைக்கிளில் வந்த ஐம்பது வயதுக்காரர் நேரத்துக்குள் முடித்ததையும் பார்த்திருக்கிறேன். எந்தத் திசையில், எந்த நேரத்தில் போவது என்பதை ஒருவர் முந்தின நாளே முடிவு செய்திருந்தார். மற்றவர்கள் சாலையில் இறங்கிய பிறகுதான் காற்றைப் பற்றி யோசித்தார்கள். ஆகவே இந்த வழிகாட்டியின் பாதி, சைக்கிளில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றியது. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதலில் கணக்கு: காற்று எவ்வளவு நேரத்தைத் தின்னும்?

காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். உங்கள் வேகமும் எதிர்க்காற்றின் வேகமும் சேர்ந்தது இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். காற்று நம்மை இந்தப் பாடு படுத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஓர் உதாரணம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, தட்டையான சாலை, காற்றே இல்லை, நிதானமாக மிதித்து 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். நெஞ்சளவு உயரத்தில் 20 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் அதே உழைப்புக்கு வேகம் 15 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அந்தக் காற்றிலும் 25-ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு உழைக்க வேண்டும். அரை மணி நேரம் முடியும். ஆறு மணி நேரம் முடியாது.

புதியவர்கள் வழக்கமாகச் சொல்வது: “போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சரியாகிவிடும்.” சரியாகாது. அதே 20 கி.மீ. காற்று முதுகில் அடித்தால் வேகம் 37 அளவுக்குப் போகும். நூறு கி.மீ. போய் நூறு கி.மீ. திரும்பினால் காற்றில்லாத நாளில் 8 மணி நேரம். காற்றுள்ள நாளில் போக 6 மணி 40 நிமிடம், வர 2 மணி 40 நிமிடம், ஆக 9 மணி 20 நிமிடம். எதிர்க்காற்றில் நீங்கள் இருக்கும் நேரம் அதிகம், பின்காற்றில் இருக்கும் நேரம் குறைவு. இழந்ததில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கும்.

பிரெவே, அதாவது கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம், ஓட்டுகிறவர்கள் இதை மனப்பாடமே செய்துகொள்ளலாம். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்ற கெடு, நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி 15 கி.மீ.யில்தான் நிற்கிறது. எதிர்க்காற்றில் 15-ல் உருட்டிக்கொண்டிருந்தால் டீ குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும், மிச்சம் பிடித்து வைத்த கையிருப்பு நேரத்திலிருந்து போகும். எனவே கையிருப்பை எங்கே சேர்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

2. முன்னறிவிப்பைச் சரியாகப் படியுங்கள்

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை ‘விண்டி’ போன்ற ஒரு செயலியைத் திறந்து, உங்கள் வழியில் உள்ள மூன்று நான்கு ஊர்களுக்கு மணிவாரியாகக் காற்றைப் பாருங்கள். ஒரே ஊரைப் பார்த்தால் போதாது. திருநெல்வேலி டவுனில் இலை அசையாத காலையில்கூட பணகுடியில் நிற்க முடியாமல் இருக்கும்.

இங்கே நான்கு இடங்களில் தவறு நடக்கிறது.

முதலாவது திசை. மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. வரைபடத்தில் அம்பு காட்டுவதோ காற்று போகும் பக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, எதிர்க்காற்றைப் பின்காற்று என்று நம்பிக் கிளம்பியவர்கள் உண்டு.

இரண்டாவது அலகு. செயலியில் 15 என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி உற்சாகமாக வந்தான். அது நாட் கணக்கு. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ., அதாவது அன்றைக்குக் காற்று 28 கி.மீ. வினாடிக்கு மீட்டர் என்று இருந்தால் 3.6-ஆல் பெருக்குங்கள். அமைப்புகளில் போய் மணிக்குக் கிலோமீட்டர் என்று ஒருமுறை மாற்றி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது உயரம். முன்னறிவிப்பில் வரும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. வெட்டவெளியில் சைக்கிள்காரரின் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கிடைக்கும். ஊருக்குள், மரங்களுக்கு இடையில் இன்னும் குறையும்.

நான்காவது வீச்சு. சராசரி வேகத்துக்குப் பக்கத்திலேயே திடீர் வீச்சின் வேகமும் கொடுத்திருப்பார்கள். உங்களைக் களைப்பாக்குவது சராசரி, கீழே தள்ளுவது வீச்சு. இரண்டுக்கும் இடைவெளி அதிகம் என்றால் அன்றைக்குப் பக்கக் காற்று மோசமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் போனபிறகு செயலி வேண்டாம், கண் போதும். ஊருக்கு ஊர் முச்சந்தியில் கட்சிக் கொடிகள் இருக்கின்றன. கொடி விரிந்து நின்றால் 12 முதல் 19 கி.மீ. காற்று. புழுதியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. சின்ன மரங்கள் முழுசாக ஆடினால் 29 முதல் 38. மின்கம்பி விசில் அடிக்க ஆரம்பித்தால் 39-க்கு மேல். எதிர்த்து நடக்கவே சிரமமாக இருந்தால் 50-ஐத் தாண்டிவிட்டது. பியூஃபோர்ட் அளவுகோலில் சொல்லப்படுவதும் இதுதான், கட்சிக் கொடி மட்டும் நம் ஊர்ச் சேர்க்கை.

காற்றாலையும் நல்ல திசைகாட்டி. இங்கே உள்ள காற்றாலைகளின் இறக்கைகள் காற்று வரும் பக்கம் பார்த்துத் திரும்பி நிற்கும். தூரத்தில் வரும் காற்றாலையைப் பாருங்கள். இறக்கைகளுக்கு முன்னால், கம்பத்தின் உச்சியில் இருக்கும் பெட்டியின் முதுகு தெரிந்தால் உங்களுக்கு எதிர்க்காற்று. பெட்டி மறைந்து இறக்கைகள் உங்களை நேராகப் பார்த்தால் பின்காற்று. பக்கவாட்டில் தெரிந்தால் பக்கக் காற்று, எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். வளைவுக்கு அப்பால் என்ன காத்திருக்கிறது என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் முன்னாடியே தயாராகலாம்.

3. வழியையும் நேரத்தையும் அடுக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அடங்கிக் கிடக்கும். வேகமான காற்று அதற்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று மேலே எழும்ப, மேலே ஓடும் வேகக் காற்று கீழே இறங்கும். எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியம் ஒன்று முதல் நான்கு வரை உச்சம். பொழுது சாய்ந்ததும் தணியும். மலை இடுக்கின் வாயில் மட்டும் இரவிலும் முழுசாக அடங்காது.

ஆகவே விதி: எதிர்க்காற்றுப் பகுதியை விடியலுக்கு முன்னும் விடிந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடியுங்கள். பின்காற்றுப் பகுதியை மதியத்துக்கு வையுங்கள். அது எவ்வளவு பலமாக அடித்தாலும் உங்களுக்கு லாபம்.

ஆடியில் திருநெல்வேலியிலிருந்து 200 கி.மீ. போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலை 4 மணிக்குக் கிளம்பி ஆலங்குளம் வழியாகத் தென்காசி. மேற்கே போகிறோம், முகத்துக்கு நேரே காற்று வரும் வழி, ஆனால் அது எழும்பாத நேரம். தென்காசியில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் எட்டு மணிக்கு மேல் எழும்பும் காற்று முதுகைத் தள்ளும். பத்து, பத்தரைக்கெல்லாம் நூறு கி.மீ. தாண்டியிருக்கும், கையிருப்பும் சேர்ந்திருக்கும். பிறகு தெற்கே வள்ளியூர் வரை போய்த் திரும்புவது பக்கக் காற்று. மெதுவாகத்தான் நகரும், ஆனால் இப்போது உங்களிடம் நேரம் இருக்கிறது.

இதையே திருப்பிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காலைக் குளிரில் வள்ளியூர் சாலையில் சுகமாகப் போய்த் திரும்பினார்கள். பதினொரு மணிக்குத் தென்காசிப் பக்கம் திரும்பினார்கள். ஆலங்குளம் வருவதற்குள் மூன்று பேரில் இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். தூரம் அதேதான், சாலையும் அதேதான்.

வட்டமான வழி என்றால் காற்று சரிபாதி உதவும் என்று நினைக்காதீர்கள். நேர் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் உங்களைத் தாமதப்படுத்தும், ஏனென்றால் உங்கள் வேகத்தோடு சேர்ந்து அது முன்பக்கச் சாய்வாகத்தான் மேலே படுகிறது. தோளுக்குப் பின்னாலிருந்து வந்தால் மட்டுமே லாபம். வட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட தூரம் காற்றுக்கு வரி கட்டியாக வேண்டும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கும் கணக்கு இதுதான், திசைதான் வேறு. கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை வாளையார் பக்கம் போவதைக் காலையிலேயே முடிக்க வேண்டும். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும், மார்கழியில் வடகிழக்குக் காற்று. டிசம்பரில் புதுச்சேரிக்குப் பறந்து போய்விட்டு, திரும்பும்போது ஏன் இப்படி என்று கேட்பவர்கள் அதிகம். போகும்போது தள்ளிவிட்ட அதே காற்றுதான்.

4. சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்

முன் சக்கரத்தைப் பாருங்கள். உயரமான ரிம் போட்டிருந்தால் ஆடியில் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், குறைந்தது முன்னால் மட்டுமாவது. 50 மி.மீ. ரிம் பக்கக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. பின் சக்கரத்தில் இருந்தால் உடல் கனம் அதன் மேல் இருப்பதால் சமாளிக்கலாம். முன் சக்கரத்தில் இருந்தால் காற்று நேராக ஹேண்டில்பாரைத் திருப்பும். முன்னால் 30 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

சாமான்களைக் கேரியரின் இரு பக்கமும் தொங்கவிடாமல் சீட்டுக்குப் பின்னால் ஒடுக்கமாகக் கட்டுங்கள். ஹேண்டில்பாரில் பெரிய பை வேண்டாம், அதுவும் முன் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும்.

சட்டை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். படபடவென்று அடிக்கும் தளர்ந்த மழைக்கோட்டு, எதிர்க்காற்றில் ஒரு குடையை விரித்துக்கொண்டு போவதற்குச் சமம். ஜிப்பை மேலே இழுத்துவிடுங்கள், தொங்கும் நாடாக்களைச் செருகுங்கள்.

கண்ணாடி கட்டாயம். வெயிலுக்காகச் சொல்லவில்லை. திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடுகளின் மணல் ஆடியில் கிளம்பிச் சாலையைக் கடக்கும். கண்ணில் ஒரு துகள் விழுந்தால் கை தானாக ஹேண்டிலை விடும், பக்கக் காற்றில் அந்த ஒரு வினாடி போதும் விழுவதற்கு. இரவுக்கு நிறமில்லாத கண்ணாடி ஒன்றும் வையுங்கள்.

கியரும் பாருங்கள். மலை ஏற வைத்திருக்கும் லேசான கியர்கள் எல்லாம் விழுகின்றனவா என்று முந்தின நாளே சோதியுங்கள். தட்டைச் சாலைதானே என்று அலட்சியமாக வந்து, கடைசி இரண்டு பல் விழாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள்.

5. தண்ணீரையும் சாப்பாட்டையும் மணிக்கணக்கில் எண்ணுங்கள்

பொதுவாக “அடுத்த கடை 30 கி.மீ., ஒரு பாட்டில் போதும்” என்று கணக்குப் போடுவோம். காற்றில் அந்த 30 கி.மீ. இரண்டு மணி நேரம் ஆகும். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டு நேரத்தைப் பெருக்குங்கள்.

காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். சட்டை நனையாததால் தாகம் இல்லை என்று தோன்றும். சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர், இரண்டும் வழியில் கிடைக்கும்.

எதிர்க்காற்றுப் பகுதிக்குள் நுழைவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். பக்கக் காற்றில் ஒரு கையை எடுத்துப் பின்பையைத் துழாவ முடியாது. கோவில்பட்டி கடலைமிட்டாயைச் சின்னத் துண்டாக உடைத்து, ஹேண்டிலுக்குப் பின்னால் குழாய் மேல் கட்டும் சிறு பையில் போட்டுவையுங்கள். அதையும் ஊருக்குள், கட்டிடங்களின் மறைவில் போகும்போது எடுத்து வாயில் போடுங்கள்.

6. எதிர்க்காற்றில் ஓட்டுவது

முதல் வேலை, வேகமானியில் வேகம் காட்டும் இடத்தை ஒரு துண்டு டேப்பால் மறைப்பது. நேரமும் தூரமும் தெரிந்தால் போதும். 14, 13 என்று எண் இறங்குவதைப் பார்த்தால் கால் தானாக அழுத்தும். அழுத்தினால் இரண்டு கி.மீ. வேகம் கூடும், அரை மணியில் தொடை காலியாகும்.

உழைப்பை மூச்சால் அளவிடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? சரியான அளவு. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் ஒரு கியர் இறக்குங்கள்.

காற்றை ஓர் ஏற்றமாக நினைத்துக்கொள்ளச் சொல்வேன். கொடைக்கானல் ஏறும்போது 10 கி.மீ. வேகத்தில் போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. இதையும் அப்படியே லேசான கியரில், நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி மிதித்துக்கொண்டே போகலாம். கனமான கியரில் ஊன்றி மிதித்தால் முழங்கால் அன்று மாலை சொல்லும்.

உடம்பைத் தாழ்த்துங்கள். வளைந்த ஹேண்டில்பார் என்றால் கீழ்ப்பிடி, நேர் ஹேண்டில்பார் என்றால் முழங்கையை மடக்கி நெஞ்சை இறக்குங்கள். தடையில் பெரும்பங்கு சைக்கிளால் வருவதில்லை, உங்கள் உடம்பால் வருகிறது. ஆனால் ஒரே நிலையில் கிடந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் தாழ்ந்து, ஒரு நிமிடம் நிமிர்ந்து என்று மாற்றுங்கள். நிமிரும் ஒரு நிமிடத்தை ஊர் வரும்போது, மரச்சாலை வரும்போது எடுத்துக்கொண்டால் இழப்பு குறைவு.

தூரத்தைச் சின்னதாக நறுக்குங்கள். “இன்னும் 40 கி.மீ.” என்பது எதிர்க்காற்றில் நெஞ்சை அடைக்கும். அடுத்த ஊர், அதற்கு அடுத்த பாலம் என்று போங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை கட்டாயம் ஐந்து நிமிடம் இறங்கி, ஒரு சுவருக்குப் பின்னால் நில்லுங்கள். காதில் அந்த இரைச்சல் நின்றாலே பாதிக் களைப்பு இறங்கும். இரைச்சலும் ஒரு சுமைதான் என்று நின்று பார்த்தால்தான் புரியும்.

7. பக்கக் காற்று: ஆபத்து இங்கேதான்

எதிர்க்காற்று களைப்பாக்கும், பக்கக் காற்று கீழே தள்ளும். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

வள்ளியூர் தாண்டித் தெற்கே போகிறீர்கள். காற்று மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து. விழாமல் இருக்க உங்களை அறியாமலேயே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவீர்கள். அந்தச் சாய்வைக் காற்று தாங்கிப் பிடித்திருக்கும். அப்போது ஒரு லாரி வலப்பக்கமாகக் கடக்கிறது. லாரி காற்றை மறைத்ததும் தாங்கிப் பிடித்த கை சட்டென்று விலகியது போல் ஆகும். சைக்கிள் வலப்பக்கம், லாரியின் மேலேயே, பாயும். லாரி போனதும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் மண்ணுக்குத் தள்ளும். எல்லாம் மூன்று வினாடி.

எனக்கு இது முதல்முறை நடந்தபோது லாரியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் கறுப்பு ரப்பர்த் தகடு என் வலது முழங்கையை உரசிக்கொண்டு போனது. அதில் ஒட்டியிருந்த சேற்றின் ஈரம் சட்டைக் கையில் கோடாகப் பதிந்திருந்தது. அன்றைக்குப் பிறகு பின்வருவதைத் தவறாமல் செய்கிறேன்.

நான்குவழிச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள தார் ஓரத்தின் நடுவில் ஓட்டுங்கள். விளிம்பில் ஓட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரு முழமாவது தடுமாற இடம் வேண்டும். விளிம்பில் தார் முடிந்து மண் இறங்கும் படியில் முன் சக்கரம் விழுந்தால் அப்படியே சரித்துவிடும்.

பின்னால் கனரக வாகனத்தின் சத்தம் கேட்டதும் தாழுங்கள், கீழ்ப்பிடியைப் பிடியுங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள், மிதிப்பதை நிறுத்தாதீர்கள். காற்று காதில் இரைவதால் சத்தம் தாமதமாகத்தான் கேட்கும். சின்னக் கண்ணாடி ஒன்றை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டால் நல்லது. காதில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

பயத்தில் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் காற்று தோளைத் தள்ளும்போது அந்தத் தள்ளல் நேராக முன் சக்கரத்துக்குப் போகும். விரல்களால் பிடித்து, முழங்கையை மடக்கி வைத்தால் மேலுடம்பு ஆடும், சக்கரம் நேராகப் போகும். கண்ணை முன் சக்கரத்தில் வைக்காமல் இருபது முப்பது மீட்டர் தள்ளி வையுங்கள்.

மறைவு முடியும் இடங்களை முன்பே கண்டுபிடியுங்கள். கடைசி வீடு, கல்யாண மண்டபத்தின் சுவர், வரிசையாக நின்ற புளியமரங்களின் கடைசி மரம், பாலத்தின் தொடக்கம். அதைத் தாண்டிய நொடியில் வீச்சு வரும். தாண்டுவதற்கு முன்னாலேயே தாழ்ந்துவிட்டால் அது உங்களை ஆச்சரியப்படுத்தாது.

திரும்பி வடக்கே வரும்போது காற்று இடப்பக்கம். இப்போது அது உங்களைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும், வாகனங்கள் இருக்கும் பக்கம். போகும்போது ஓட்டியதைவிட அரை முழம் இடப்பக்கமாகவே ஓட்டுங்கள். என் கணக்கில் இதுதான் இரண்டிலும் மோசமானது, களைத்த நேரத்தில் வருவதால்.

8. கூட்டமாகப் போகும்போது

எதிர்க்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் பின்னால் வருபவரின் உழைப்பு நன்றாகக் குறையும். இதைச் செய்யாமல் நான்கு பேர் நான்கு இடத்தில் தனித்தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

முன்னால் போகும் முறை ஒன்று இரண்டு நிமிடம்தான். பலசாலி கொஞ்சம் கூடுதல் நேரம் இழுக்கலாம், கூடுதல் வேகத்தில் இழுக்கக் கூடாது. முறை வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவது வழக்கமான தவறு. வரிசை அறுந்து, கடைசி ஆள் காற்றில் தனியாக நிற்பார். களைத்தவர் தன் முறையை விட்டுவிட்டுப் பின்னாலேயே இருக்கட்டும், அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை.

புதியவர்கள் இடையில் ஒரு சைக்கிள் நீளம் விடுங்கள். முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. ஒரு வீச்சு வந்தால் இரண்டு சக்கரமும் உரசும், விழுவது பின்னால் இருப்பவர்தான். பந்தயங்களில் பக்கக் காற்றுக்குச் சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டுவார்கள். முழுச் சாலையும் அடைத்துக் கொடுத்தால்தான் அது சரிவரும், நம் சாலையில் முயல வேண்டாம்.

லாரி, டிராக்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். காற்று மறையும் என்பது உண்மை. பள்ளமும் வேகத்தடையும் கண்ணுக்கு மறையும் என்பதும் உண்மை.

9. பின்காற்று

சுகமான பகுதிதான், ஆனால் இரண்டு விஷயம். காற்றும் நீங்களும் ஒரே பக்கம் போவதால் மேலே காற்று அவ்வளவாகப் படாது, உடம்பு கொதிக்கும். அதிகம் குடியுங்கள், தலையில் கொஞ்சம் ஊற்றுங்கள். இரண்டாவது, 37-ல் போகும்போது பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஊருக்குள் நுழையும்போது முன்னதாகவே தளருங்கள்.

10. எப்போது நிறுத்துவது

இந்த முடிவையும் வீட்டிலேயே எடுங்கள். களைத்த மூளை “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்றுதான் சொல்லும்.

என் அளவு: எதிர்க்காற்று எவ்வளவு இருந்தாலும் போகலாம், மெதுவாக. பக்கக் காற்றில் வீச்சு 50-ஐத் தொட்டால் இறங்கிவிடுவேன். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். பத்து கிலோ சைக்கிளில் அதற்கு முன்பே நிறுத்துவதில் தயக்கம் எதற்கு? பக்கத்தில் உள்ள பாம்பன் சாலைப்பாலத்தைக் கடக்க வேண்டுமானால் விடியற்காலையில் கடங்கள்.

இறங்கித் தள்ளும்போது சைக்கிளைக் காற்று வரும் பக்கமாக வைத்து, அது உங்கள் மேல் சாயும்படி நடங்கள். மறுபக்கம் நின்றால் காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கும்.

இடிமேகம் கறுத்து வந்து, வெக்கைக்கு நடுவில் திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தால் பெரிய வீச்சு சில நிமிடங்களில் வரும் என்று பொருள். உடனே ஒதுங்குங்கள். தென்னை மரத்தடி, ஃபிளெக்ஸ் பேனர், தகரக் கொட்டகை, மின்கம்பம் எதுவும் வேண்டாம். மட்டையும் தகரமும் பறக்கும். காங்கிரீட் கூரை போட்ட பஸ் நிறுத்தமோ கடையோ தேடுங்கள். பெரும்பாலும் இருபது முப்பது நிமிடத்தில் அடங்கிவிடும்.

11. வந்து சேர்ந்த பிறகு

செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். தேரி மணல் ஒட்டிய செயின் அரம் மாதிரி பல்லைத் தேய்க்கும். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் திறந்து மூடிக் கழுவுங்கள்.

பிறகு ஒரு நோட்டில் நான்கு வரி: எத்தனை மணிக்கு எந்த ஊர், அங்கே கொடி எப்படி நின்றது, முன்னறிவிப்பு என்ன சொன்னது, எவ்வளவு தண்ணீர் செலவானது. என் நோட்டில் நாங்குநேரிக்கு எதிரே “9.10க்குக் கொடி விரிந்தது, செயலியில் 11 மணி” என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த வாரம் கிளம்பும் நேரத்தை 4 மணியிலிருந்து 3 மணிக்கு மாற்றினேன்.